நாலு சுகந்தி

உக்காருங்க மேடம். ஃபேனுக்கு நேரா வாங்க, அங்க காத்து வராது. சேர்மன் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்காருங்க, சாப்பாடு முடிச்சுட்டுத்தான் வருவாரு. அதுவரைக்கும் பேசிட்டிருக்கலாம்.

நான் அர்த்தநாரி. இந்த ஸ்கூல்ல நிர்வாக அதிகாரி. ஏ.ஓ. சார்னு கேட்டீங்கன்னா பஸ் ஸ்டாண்டுல ஆட்டோக்காரன் கூடச் சொல்லுவான். ஆனா பேப்பர்ல பாத்தா நான் ஏ.ஓ. இல்லீங்க. பேப்பர்ல நான் காமர்ஸ் டீச்சர். ஆமாங்க, நீங்க அப்ளை பண்ணியிருக்கீங்களே, அதே போஸ்ட்டுத்தான். முழிக்காதீங்க, சொல்றேன். இன்டர்வியூவோன்னு பயப்படவும் வேண்டாம், நான் ஒண்ணும் கேக்கப் போறதில்லை. இங்க மனசு விட்டுப் பேசறதுக்கு ஆள் இல்லீங்க. டீச்சருங்க கிட்டப் பேசுனா மரியாதை போயிரும். வாட்ச்மேன் கிட்டப் பேசுனா அவன் அவன் கஷ்டத்தை ஆரம்பிச்சுருவான்.

சேர்மன் யாருன்னு தெரியுமுங்களா? சென்னியப்பன். போர் போடற ரிக் லாரி வெச்சு வடக்க எல்லாம் ஓட்டிச் சம்பாதிச்சவரு. பூமியில ஓட்டை போடத் தெரியும், ஸ்கூல் நடத்தத் தெரியாது. இந்த எடத்தை வாங்கிப் போட்டுட்டு, ‘தம்பி, நீ படிச்சவன், நீ பாத்துக்க’ன்னாரு. பாத்துக்கிட்டனுங்க. அந்தப் பில்டிங் நான் நின்னு கட்டுனது. ஹாஸ்டல் நான் கொண்டாந்தது. பஸ்ஸுக்கு மஞ்சளுக்கு மேல பச்சைக்கோடு போட்டது கூட நான்தான். அவரும் குறை வெக்கலை. நல்ல சம்பளம், காம்பவுண்டுக்குள்ளயே வீடு, ஹாஸ்டல் மெஸ்ஸுல சாப்பாடு. ராஜா மாதிரித்தான் இருந்தேன்.

அப்பத்தான் அந்தச் சட்டம் வந்துச்சுங்க. எங்கயோ யாரோ மேனேஜருங்க லட்சக்கணக்குல வாங்கிட்டு, டீச்சருங்களுக்குக் கிள்ளிக் குடுத்திருக்காங்க. பேப்பர்ல வந்து, டி.வி.ல கத்தி, அசெம்பிளில மேஜையத் தட்டி நிறைவேத்திட்டாங்க. கிளாசுக்குப் போயிப் பாடம் நடத்தாத நிர்வாகி எவனா இருந்தாலும் சரி, அந்த ஸ்கூல்லயே குறைஞ்ச சம்பளம் வாங்கற டீச்சர் என்ன வாங்கறாங்களோ, அதுல நாலு மடங்குக்கு மேல அவனுக்குக் குடுக்கக் கூடாது. அவ்வளவுதான் சட்டம். யாரோ தின்னாங்க, வயித்து வலி எனக்கு.

இங்க குறைஞ்ச சம்பளம் யாருன்னு பாத்தா சுகந்தி. எல்.கே.ஜி. டீச்சர். நல்ல பொண்ணுதான், குழந்தைக மேல உசுரா இருக்கும். என்ன வாங்குச்சுன்னு கேக்காதீங்க, வேலைக்கு வந்த எடத்துல உங்களுக்கு எதுக்கு வருத்தம். அதைப் போட்டு நாலால பெருக்கிப் பாத்தா, என் சம்பளம் பாதிக்கும் கீழ போயிருச்சுங்க! எனக்குக் கண்ணு இருட்டிட்டு வந்துச்சு. மனுசனுக்கு அவ்வளவுதான் சம்பளம்னா எப்படிங்க பொழைக்கறது?

அதைக் கூடப் பொறுத்துக்கலாம். ஸ்டாஃப் ரூம்ல எனக்குப் பேர் வெச்சுட்டாங்க. நான் வராண்டாவுல வந்தா, ‘நாலு சுகந்தி வருதுடி’ன்னு உள்ள சிரிப்பு. நான் அட்டெண்டன்ஸ்ல கை வெச்சா நடுங்கறவளுக, வாயப் பொத்திட்டுச் சிரிக்கறாளுக. ஒரு மனுசனோட சம்பளத்தை இன்னொரு மனுசியோட சம்பளத்தோட முடிச்சுப் போட்டா இதுதாங்க நடக்கும். சட்டம் போட்டவங்களுக்கு இது தெரிஞ்சிருக்க வேண்டாமா?

இதுல சுகந்தி ஒரு நா இந்த ரூமுக்கு வந்துச்சு. இங்கதான், நீங்க உக்காந்திருக்கற எடத்துல நின்னுட்டு, ‘சார், எனக்கு ஆயிரம் ரூபா ஏத்துனா உங்களுக்கு நாலாயிரம் ஏறுமே சார்’னு சொல்லுச்சு. பாத்தீங்களா மேடம்? என் வீடு எரியுதுன்னா அதுல அதுக்குக் குளிர் காயணும். இன்கிரிமெண்டுக்கு அடி போடறதுக்கு நேரங்காலம் இல்லையா? ‘கிளாசுக்குப் போம்மா, குழந்தைக அழுகுது’ன்னேன். தப்பா ஒண்ணும் சொல்லலை.

ஆனா அப்புறம் யோசிச்சுப் பாத்து, சேர்மன் கிட்ட ஒரு வார்த்தை போட்டு வெச்சேன். அவரு சிரிச்ச சிரிப்புல வாயில இருந்த வெத்தலை மேஜையில தெறிச்சுது. ‘ஏந்தம்பி, அவளுக்குக் கூட்டுனா அவளுக்கு மேல இருக்கறவ சும்மா இருப்பாளா? உன் ஒருத்தனுக்குக் கூட்டறதுக்கு ஊருக்கே கூட்டச் சொல்றியா?’ன்னாரு. நியாயந்தானுங்க. நிர்வாகம்னா நாலும் பாக்கணுமில்ல.

அவரே ஒரு வழியும் சொன்னாரு. ஆடிட்டர் சொல்லிக் குடுத்த வழி. சட்டம் யாருக்கு? பாடம் நடத்தாத நிர்வாகிக்கு. டீச்சருக்கு இவ்வளவுக்கு மேல குடுக்கக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துலயும் இல்லை, அப்படி ஒரு சட்டம் போடற அளவுக்கு யாரும் குடுத்ததில்லைன்னு வெச்சுக்கங்க. நான் எம்.காம்., பி.எட். அதனால ஏ.ஓ. வேலைய ராஜினாமா பண்ணிட்டுக் காமர்ஸ் டீச்சராச் சேர்ந்துட்டா, பழைய சம்பளமே வாங்கிக்கலாம். வேலை அதே வேலை. வாரத்துக்கு ரெண்டு பீரியடு போயி நின்னாப் போதும்.

எனக்கு என்ன சந்தோசம்ங்கறீங்க! ஒரு சட்டத்தையே ஏமாத்தியாச்சு. வீட்டுக்காரிகிட்டப் போயி, ‘வசந்தா, கேசரி கிண்டு’ன்னேன். அன்னிக்கே அப்ளிகேசன் எழுதுனேன். என்னை நானே இன்டர்வியூ பண்ணுனேன். அப்பாயின்மெண்ட் ஆர்டரை நானே டைப் அடிச்சு, சேர்மன் கிட்டக் கையெழுத்து வாங்கி, நானே வாங்கிக்கிட்டேன்.

அப்பச் சேர்மன், ‘தம்பி, உன் ஒரிஜினலு?’ன்னாரு.

அது என்னன்னா மேடம், இங்க ஒரு ரூல் இருக்குதுங்க. டீச்சராச் சேர்றவங்க டிகிரி, பி.எட்., மார்க் சீட்டு எல்லாத்தோட ஒரிஜினலையும் ஆபீஸ்ல குடுத்துரணும். இந்தப் பக்கத்துல எல்லா ஸ்கூல்லயும் உள்ளதுதான், புதுசா ஒண்ணும் இல்லை. நடு வருசத்துல வேற ஸ்கூல்ல கொஞ்சம் கூடக் குடுக்கறாங்கன்னு ஓடிருவாங்க, பரீட்சை நேரத்துல புள்ளைக கதி? அதுக்குத்தான். ஆனா மத்த ஸ்கூல்ல சும்மா பீரோவுல வெப்பாங்க. நான் லாக்கர் வாங்குனேன். ரெண்டு சாவி போட்டாத்தான் தெறக்கற மாதிரி. ஒண்ணு சேர்மன் கிட்ட, ஒண்ணு என்கிட்ட. ஏன்னா எனக்கு இளகுன மனசுங்க. யாராச்சும் எதிர்ல நின்னு அழுதாக் குடுத்துருவேன். அதுக்காக நானே எனக்குக் கட்டுப்பாடு வெச்சுக்கிட்டேன்.

அண்ணா, எனக்கும் அந்த ரூலான்னு கேட்டேன். ‘இன்ஸ்பெக்சன் வந்தா எல்லா டீச்சர் ஃபைலும் ஒரே மாதிரி இருக்கணுமில்ல’ன்னு சிரிச்சாரு. அதுவும் சரிதான்னு பட்டுச்சு. கொண்டாந்து குடுத்தேன். அவரு ஒரு சாவி போட்டாரு, நான் ஒரு சாவி போட்டேன். உள்ள வெச்சுச் சாத்துனோம். நமக்கும் சேர்மனுக்கும் நடுவுல என்னங்க, நாளைக்கே கேட்டாக் குடுக்கப் போறாருன்னு நெனச்சேன்.

டீச்சரானதுக்கு அப்புறந்தான் ஒண்ணொண்ணாத் தெரிய ஆரம்பிச்சுது. கையெழுத்துப் போட்டுட்டு வர்ற மனுசன், மிஷின்ல விரல் வெக்க வேண்டியதாப் போச்சு. லேட்டானா அரை நா லீவு கட். லீவுன்னா ஒரு மாசத்துக்கு முன்னால எழுதிக் குடுக்கணும். எல்லாம் நான் போட்ட ரூல்தான், இல்லேங்கலை. டீச்சருங்களுக்கு அது வேணுமுங்க, இல்லேன்னா ஸ்கூல் நடக்காது. ஆனா என்னைய மாதிரி ஒரு ஆளுக்கும் அதுவேவா? என் பொண்ணுக்குப் பாலக்காட்டுப் பக்கம் கட்டிக் குடுத்திருக்கறேன். அவளுக்கு ஆம்பளைப் பையன் பொறந்தான். வசந்தா பாத்துக்கறதுக்குப் போயிட்டா, நான் எட்டிப் பாத்துட்டு வர்றனுங்கண்ணான்னு கேட்டா, ‘அதிகாரிக வர்ற நேரம் தம்பி, காமர்ஸ் டீச்சர் இல்லேன்னா மாட்டிக்குவோம்’ங்கறாரு. பேரனை இன்னிக்கு வரைக்கும் போன்லதான் பாக்கறேன். அவனுக்கு நான் ஒரு கண்ணாடிக்குள்ள இருக்கற ஆளு.

ஒரு நா அதிகாரி வந்தாருங்க. கடைசி பெஞ்சுல உக்காந்துட்டு, நடத்துங்க சார்ங்கறாரு. எனக்கு எங்க எல்லாம் ஞாபகம் இருக்குது? பற்று, வரவு, அதுக்கு மேல வாய் வரலை. அதையே திருப்பித் திருப்பிச் சொன்னேன். புள்ளைக பாவம், சிரிக்காம உக்காந்திருந்துச்சுக. அதுக்கப்புறம் வருசம் பூரா அந்த ஒரே பாடந்தான். எப்ப வருவாங்கன்னு தெரியாதே.

அந்தச் சமயத்துலதான் சுகந்தி மறுபடி வந்துச்சு. அதுக்கு அரசாங்க வேலை ஒண்ணு, பால்வாடி டீச்சர் மாதிரி ஏதோ வந்திருக்குது. சர்டிபிகேட் சரிபாக்கறதுக்கு ஒரிஜினல் வேணும், காட்டிட்டுக் கொண்டாந்து குடுத்தர்றேன் சார்ங்குது. காட்டிட்டு யாருங்க திரும்பக் கொண்டாருவா? ஏப்ரல்ல வந்து வாங்கிக்கம்மான்னேன். ஏப்ரல் வரைக்கும் அவங்க காத்திருக்க மாட்டாங்க சார்னு நின்னுச்சு. மத்தியானம் பெல் அடிக்கற வரைக்கும் நின்னுச்சு. அழுகலை, நின்னுச்சு. பாவமா இருந்துச்சுங்க, டீ சொன்னேன். குடிக்கலை. ‘இதோ பாரு சுகந்தி, என்னோடதும் அதுக்குள்ளதான் இருக்குது, நான் கேக்கறனா?’ன்னு நல்ல விதமாத்தான் எடுத்துச் சொன்னேன்.

என் மூஞ்சிய ஒரு மாதிரி பாத்துச்சு. அப்புறம், ‘சரிங்க சார், நீங்களே வெச்சுக்கங்க’ன்னுட்டுப் போயிருச்சு. கிளாசுக்குத்தான் போகுதுன்னு நெனச்சேன். பாத்தா, டிபன் பாக்ஸை எடுத்துட்டு கேட்டைத் தாண்டி நடந்து போகுது! அவ்வளவு வருசம் படிச்சு வாங்குனதை இங்கயே போட்டுட்டு யாராச்சும் போவாங்களா? பைத்தியக்காரின்னேன். இப்பவும் அதான் சொல்றேன்.

அப்புறம் மே மாசம். இங்க மே மாசம் டீச்சருங்களுக்கு லீவு கிடையாதுங்க, உங்களுக்கும் இப்பவே சொல்லிர்றேன். ஊர் ஊராப் போயி அட்மிசன் புடிக்கணும். ஆளுக்கு இத்தனை புள்ளைகன்னு கணக்கு, புடிக்கலேன்னா சம்பளத்துல கை வெப்போம். நான் ஏ.ஓ.வா இருந்தப்ப வேன்ல ஏத்தி அனுப்பிட்டு ஏ.சி.ல உக்காந்திருப்பேன். போன மாசம் நானும் வேன்ல ஏறுனேன். வெய்யில்ல, கையில நோட்டீசை வெச்சுக்கிட்டு, ‘அம்மா, உங்க வீட்டுல ஸ்கூல் போற புள்ளைக இருக்குதுங்களா’ன்னு வாசல் வாசலா நின்னேன். ஒரு வீட்டுல நாயை அவுத்து விட்டுட்டாங்க.

பள்ளிபாளையம் பக்கம், தறி ஓடற ஒரு சந்து. ஒரு வீட்டுல புள்ளைக சத்தமாக் கேட்டுது. நல்ல எடம்னு போயிக் கதவைத் தட்டுனா, சுகந்தி. முன் ரூம் பூரா புள்ளைக. டியூசன் எடுக்குதாம். தறிக்குப் போற பொம்பளைக காத்தால கொண்டாந்து விட்டுட்டு, சாயங்காலம் கூட்டிட்டுப் போறாங்களாம். ஸ்கூல்ல வாங்குனதுக்கு மேலயே வருதுங்க சார்னுச்சு. உள்ள வாங்க சார்னு கூப்புட்டு ஒரு சொம்பு மோர் குடுத்துச்சு. என் கையில இருந்த நோட்டீசைப் பாத்துச்சு, ஒண்ணும் சொல்லலை. அதுதாங்க எனக்குத் தாங்கலை. நாலு வார்த்தை திட்டியிருந்தாப் பரவால்லைன்னு இருந்துச்சு.

போறப்ப, ‘சார், என் சர்டிபிகேட் பத்திரமா இருக்குதுங்களா?’ன்னு கேட்டுச்சு. பத்திரமா இருக்குதும்மா, ஏப்ரல் முடிஞ்சுருச்சு, வந்து வாங்கிக்கன்னேன். ‘இருக்கட்டுங்க சார், அவசரமில்லை. நீங்க உங்களோடதை எடுத்துட்டீங்களா?’ன்னுச்சு. வேன்காரன் ஹாரன் அடிச்சான், வந்துட்டேன்.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை. எந்திரிச்சு மருமகனுக்குப் போன் போட்டேன். அவருக்குத் தெரிஞ்ச ஒரு ஸ்கூல் அங்க இருக்குது. அந்தப் பக்கம் இந்தச் சட்டம் கிடையாது. ஏ.ஓ. வேணும், நல்ல சம்பளம். அவங்களும் உடனே வாங்கன்னுட்டாங்க, ஒண்ணாந் தேதி ஒரிஜினலோட வந்து சேரணும். பொண்ணு வீட்டுக்கு நடந்தே போயிரலாமாம். வசந்தா போன்லயே அழுதுட்டா.

சேர்மன் கிட்டப் போயிக் கேட்டேன். எத்தனை வருசப் பழக்கம், ஒரு வார்த்தையில முடிஞ்சுரும்னு நெனச்சேன். அவரு நிமிந்து கூடப் பாக்கலை. ‘தம்பி, நடுவுல போறேன்னு வர்றவங்ககிட்ட நீ என்ன சொல்லுவே?’ன்னாரு. அழுதும் பாத்தனுங்க, வெக்கத்தை விட்டு. டீ சொன்னாரு.

என் இடுப்புல சாவி இருக்குது, பாருங்க. தூங்கறப்பக் கூட அவுக்கறதில்லை. தினம் காத்தால வந்து அந்த லாக்கர் முன்னால நின்னு இந்தச் சாவியப் போட்டுத் திருப்பிப் பாக்கறேன். பாதி திரும்புது. மிச்சப் பாதி அவரு பாக்கெட்டுல கிடக்குது. நான் என்ன பாவம் பண்ணுனேன்னு தெரியலைங்க. ஒருத்தர் வயித்துலயும் அடிச்சதில்லை. எல்லாம் அந்தச் சட்டத்தால வந்த வினை. அதைப் போட்டவங்க நல்லா இருப்பாங்களா?

கடைசில சேர்மன் எரங்கி வந்து ஒரு வழி சொன்னாரு. மனுசன் கெட்டவரில்லை. ‘உன் எடத்துல ஒரு ஆளை உக்கார வெச்சுட்டு, அவங்க ஒரிஜினலை உள்ள வெச்சுட்டு, உன்னோடதை எடுத்துட்டுப் போ’ன்னாரு. அதுக்குத்தான் பேப்பர்ல விளம்பரம் குடுத்தேன். வணிகவியல் ஆசிரியை தேவை, நிர்வாக அனுபவம் இருந்தால் நல்லதுன்னு. எத்தனையோ பேரு போன் பண்ணுனாங்க, நேர்ல வந்தது நீங்க ஒருத்தருதான் மேடம். உங்களைப் பாத்தப்பவே மனசுல ஒரு நிம்மதி வந்துருச்சு. கடவுளாப் பாத்து அனுப்பியிருக்காரு. நாளன்னிக்கு ஒண்ணாந் தேதி.

சரீங்க, நானே பேசிட்டிருக்கேன். ஃபைலைக் குடுங்க, அடுக்கி வெச்சர்றேன். ஒரிஜினல் தானுங்களே? விளம்பரத்துலயே போட்டிருந்தனே, கொண்டாந்திருப்பீங்க. குடுங்க. ஏனுங்க, கையை இழுக்கறீங்க? நான் தின்னுர மாட்டேன். பத்திரமா இருக்கும், அந்த லாக்கர்ல தண்ணி போகாது, கரையான் போகாது. அதுக்கு நான் கியாரண்டி.

உக்காருங்க மேடம். எந்திரிக்காதீங்க. நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்? நல்ல ஸ்கூலுங்க, சம்பளமெல்லாம் ஒண்ணாந் தேதி டான்னு வந்துரும். கெஞ்சிக் கேக்கறேன், உக்காருங்க அம்மிணி. எனக்கும் உங்க வயசுல ஒரு பொண்ணு இருக்குது, அவ புள்ளைய நான் ஒருக்காக் கூடத் தூக்குனதில்லை. உங்க கையிலதான் இருக்குது. அதோ, சேர்மன் கார் திரும்புது பாருங்க. அவரு கிட்ட எதையும் காட்டிக்காதீங்க, சிரிச்ச மூஞ்சியா இருங்க.

உங்களுக்கு ஒண்ணும் பயம் வேண்டாம் அம்மிணி. என்னிக்காச்சும் போகணும்னு தோணுச்சுன்னா, நீங்களும் ஒரு விளம்பரம் குடுங்க. யாராச்சும் வருவாங்க. வேலை கேட்டு வராம எங்க போயிருவாங்க?